பேப்பர் வந்துருச்சு, டேட்டா எங்க?

எண்ணூர், மணலி, திருவொத்தியூர் பக்கம் இருக்கறவங்களுக்கு ஆராய்ச்சிங்கறது புதுசே இல்ல. வருஷா வருஷம் யாராச்சும் பாட்டிலும் ஐஸ்பொட்டியுமா வந்து கழிமுகத்துல தண்ணி எடுப்பாங்க, சேத்த அள்ளுவாங்க, காட்டுக்குப்பத்துல நண்டு எறா வாங்கிட்டுப் போவாங்க, இன்னொரு கோஷ்டி ஃபாரத்த வச்சுக்கிட்டு வீடு வீடா ஏறி எத்தன பேரு, என்னா வருமானம், மூச்சுத்திணறல் இருக்கான்னு கேக்கும். அப்பால எங்கியோ ஒரு ஜர்னல்ல அது பேப்பரா வரும். பேப்பர்ல ஒரு டேபிள் இருக்கும், கழிமுகத் தண்ணியில ஈயம் சராசரி இவ்ளோ, காட்மியம் இவ்ளோன்னு. அந்த சராசரி எந்தெந்த எண்ணக் கூட்டி வகுத்து வந்துச்சு, எந்த மாசம் எடுத்தது, ஏத்தத்துலயா வத்தத்துலயா, பவர் பிளான்ட் பக்கமா முகத்துவாரம் பக்கமா, அதெல்லாம் பெரும்பாலும் பேப்பர்ல இருக்காது. அது அந்த ஸ்காலரோட லேப்டாப்ல இருக்கும். பிஎச்டி முடிச்சு அவங்க பெங்களூருக்கு வேலைக்குப் போனா லேப்டாப்பும் கூடவே போயிரும்.

அந்த எண்கள பேப்பரோட சேத்து யாரு வேணா எடுத்துப் பாக்கற மாதிரி வெளிய வைக்கறதுக்குத் தான் ஓப்பன் டேட்டா, திறந்த தரவுன்னு பேரு. இவ்ளோதான் விஷயம். ஆனா வெளிய வைக்கறதுன்னா ஃபைல அப்லோட் பண்ணிட்டு கைய தட்டிக்கிட்டு எந்திரிக்கறது இல்ல. என்னக் கேட்டா இதுக்கு ஒரே ஒரு பரீட்ச தான் இருக்கு, உங்கள முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரு உங்களுக்கு போன் பண்ணாம, மெயில் போடாம, அந்த ஃபைல வச்சே நீங்க பண்ணுன கணக்க திருப்பிப் பண்ண முடியணும். முடிஞ்சா அது திறந்த டேட்டா. முடியலன்னா அது சும்மா ஒரு ஃபைலு.

முதல்ல ஒரு கொழப்பத்த தீத்துருவோம். ஓப்பன் ஆக்சஸ் வேற, ஓப்பன் டேட்டா வேற. பேப்பர காசு கட்டாம யாரு வேணா படிக்கலாம்னா அது ஓப்பன் ஆக்சஸ், அதுக்கு ஜர்னல்காரன் எழுதுனவங்க கிட்டயே ஒரு கட்டணம் வாங்குவான், சில இடத்துல அது லட்சக்கணக்குல போவும். நம்ம சென்ட்ரல் கவர்மென்ட் 2024 நவம்பர்ல ஒப்புதல் குடுத்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா, கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், அதுவும் படிக்கறதுக்கான வழி தான். அதுல பேப்பர் தான் கிடைக்கும், பேப்பருக்குப் பின்னாடி இருக்கற எண்கள் கிடைக்காது. அதே மாதிரி பேப்பர் பூட்டுக்குள்ள இருந்தாலும் டேட்டாவ தனியா இலவசமா வெளிய வைக்கலாம், அதுக்கு உங்க கிட்ட பத்து பைசா கேக்காத இடங்க இருக்கு. எங்கிட்ட காசு இல்ல அதனால ஓப்பன்லாம் நமக்கு இல்லன்னு சொல்றவங்க பாதிப்பேரு இந்த ரெண்டையும் ஒன்னா நெனச்சுக்கிட்டு இருக்கறவங்க தான்.

சரி, டேட்டான்னா எது எது? எக்ஸெல் ஷீட் மட்டும் இல்ல. சர்வே பதில், மைக்ராஸ்கோப் படம், பேட்டி எடுத்த ஆடியோ, மரபணு வரிசை, கருவி கக்குன ஃபைலு, அந்த எண்கள கிராஃபா மாத்துறதுக்கு ஆர், பைத்தான் மாதிரி கம்ப்யூட்டர் மொழில எழுதுன கோடு, எல்லாமே தான். பேப்பர்ல நீங்க சொன்ன முடிவுக்கு எது எது ஆதாரமோ அது எல்லாம்.

இத்தன பேரு இதுக்கு ஏன் மல்லுக்கு நிக்கறாங்கன்னு கேட்டா, காசிமேட்டுல ஏலத்துல நிக்கறவங்கள பாருங்க, செவுள தூக்கிப் பாக்காம யாராச்சும் கூடைக்கு வெல சொல்லுவாங்களா? ஆனா ஆராய்ச்சில நாம ரொம்ப காலமா மூடுன பொட்டிய தான் வெல குடுத்து வாங்கிட்டு இருக்கோம். ஜர்னலுக்காக பேப்பர சரிபாக்கற நடுவர் படிக்கறதும் பேப்பர தான், டேட்டாவ இல்ல, பல நேரம் அவர் கிட்டயும் அது வராது.

இதுக்கு ஒரு கதை இருக்கு, கற்பன இல்ல, உண்மையாவே நடந்தது. 2010ல கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதார நிபுணருங்க ஒரு கட்டுரை போட்டாங்க. ஒரு நாட்டோட கடன் அதோட மொத்த உற்பத்தில 90 சதவீதத்த தாண்டிட்டா வளர்ச்சி படுத்துரும், வளர்ந்த நாடுகள்ல சராசரியா மைனஸ் 0.1 சதவீதம்னு அதுல இருந்துச்சு. ஐரோப்பால, அமெரிக்கால செலவ வெட்டணும்னு பேசுன அரசியல்வாதிங்க இத கைல எடுத்துக்கிட்டாங்க. அப்போ மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு ஸ்டூடண்ட், கிளாஸ் அசைன்மென்ட்டுக்காக ஏதாச்சும் ஒரு பிரபலமான பேப்பர எடுத்து அதே முடிவு வருதான்னு செஞ்சு பாக்கணும், இத எடுத்தான், எப்படிப் போட்டாலும் அந்த எண்ணு வரல. கடைசில அவங்களுக்கே மெயில் போட்டு கேட்டான், அவங்களும் அந்த எக்ஸெல் ஷீட்ட அனுப்பிட்டாங்க. தொறந்து பாத்தா சராசரி ஃபார்முலா 30வது வரிலேர்ந்து 49 வரைக்கும் போவ வேண்டியது 44லயே நின்னுருச்சு, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சு நாடும் கணக்குலயே இல்ல. அது மட்டும் இல்ல, சில நாட்டோட சில வருஷத்த சேக்காம விட்டிருந்தாங்க, சராசரிய போட்ட விதத்துல ஒரே ஒரு மோசமான வருஷம் இருக்கற நாட்டுக்கும் பல வருஷம் இருக்கற நாட்டுக்கும் ஒரே வெயிட்டு. உண்மைய சொன்னா எக்ஸெல் தப்ப விட இந்த ரெண்டும் தான் பெருசு, ஆனா ஊரெல்லாம் பேசுனது எக்ஸெல் தப்ப. எல்லாத்தையும் சரி பண்ணிப் போட்டா வந்த எண்ணு பிளஸ் 2.2. இது வெளிய வந்தது 2013ல, நடுவுல மூணு வருஷம்.

இதுல ஒன்ன கவனிக்கணும், அவங்க ஷீட்ட குடுத்தாங்க. குடுக்காம விட்டிருந்தா அந்தப் பையன் தனக்குத் தான் கணக்கு வரலன்னு நெனச்சு வேற டாபிக் எடுத்துட்டுப் போயிருப்பான். தப்பு எல்லாரும் பண்ணுவாங்க, நோபல் வாங்குனவங்களும் பண்ணிருக்காங்க, ஷீட்ட குடுத்ததால தப்பு பிடிபட்டுச்சுன்னா அது குடுத்தவங்களுக்கு அவமானம்னு நான் நெனைக்கல.

குடுக்காம விட்டா என்னா ஆவும்ங்கறதுக்கு கொரோனா நேரத்துல ஒன்னு நடந்துச்சு. 2020 மே 22ந்தேதி லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல ஒரு பேப்பர், 671 ஆஸ்பத்திரி, 96,000 நோயாளிக்கு மேல, ஹைட்ராக்சிகுளோரோகுயின் குடுத்தா சாவு அதிகமாவுதுன்னு சொல்லுச்சு. மூணு நாள்ல உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்து மேல நடந்துட்டு இருந்த சோதனைய நிறுத்தி வச்சுது. டேட்டா எல்லாம் சர்ஜிஸ்பியர்னு ஒரு சின்ன அமெரிக்க கம்பெனி கிட்ட. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா சொல்ல மாட்டேன்னாங்க, ஆஸ்திரேலியால அந்த தேதிக்குள்ள கொரோனால மொத்தமா செத்தவங்கள விட இவங்க கணக்குல அதிகமா செத்திருந்தாங்க, வெளியாளு ஆடிட் பண்ண வந்தப்பவும் ஒப்பந்தம் அது இதுன்னு டேட்டாவ தரல. ஜூன் 4ந்தேதி அந்தக் கம்பெனிக்காரர தவிர பேப்பர எழுதுன மத்த மூணு பேருமே அத வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த மருந்து வேலை செய்யலங்கறது வேற நேர்மையான சோதனைலேர்ந்து பின்னாடி தெரிஞ்சுது, அது தனி. ஆனா மூடுன பொட்டிய நம்பி உலகமே கொஞ்ச நாள் ஆடிப்போச்சு.

தப்ப பிடிக்கறதுக்கு மட்டும்னு நெனச்சுராதீங்க, அது பாதி தான். புரதங்களோட முப்பரிமாண அமைப்ப போட்டு வைக்கறதுக்கு 1971ல புரோட்டீன் டேட்டா பேங்க்னு ஒன்ன ஆரம்பிச்சாங்க, மொத்தமே ஏழு அமைப்பு தான் அதுல. அப்புறம் ஜர்னல்கள் ஒன்னொன்னா இதுல போட்டுட்டு வந்தா தான் பேப்பர எடுப்போம்னு கறாரா சொல்ல ஆரம்பிச்சுது, இப்போ 2 லட்சத்துக்கு மேல இருக்கு. புரதத்தோட அமைப்ப கணிக்கறதுக்கு ஆல்ஃபாஃபோல்ட்னு கூகுள் டீப்மைண்ட் ஒரு ஏஐ செஞ்சாங்கல்ல, 2024 வேதியியல் நோபல் கூட அதுக்கு ஒரு பங்கு போச்சு, அது படிச்சு வளர்ந்தது இந்த பேங்க்ல இருந்தத தான். 1970கள்ல எக்ஸ்ரே படத்த வச்சு மாசக்கணக்குல மல்லு கட்டி ஒரு அமைப்ப கண்டுபிடிச்சு போட்டவங்களுக்கு இது எதுக்கு உதவும்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. மனித மரபணு திட்டத்துலயும் 1996ல பெர்முடால கூடி ஒரு முடிவெடுத்தாங்க, வரிசைய படிச்ச 24 மணி நேரத்துக்குள்ள பொதுவுல போட்டுரணும், பேப்பர் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு. அந்தப் பழக்கம் தான் 2020 ஜனவரில கைகொடுத்துச்சு, சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழுவோட கொரோனா மரபணு வரிசை இன்டர்நெட்ல வந்த ரெண்டு மூணு நாள்ல, ஜனவரி 13க்கே, மாடர்னா தடுப்பூசியோட வரிசைய முடிவு பண்ணிட்டாங்க.

இப்போ நம்ம ஊரு பேப்பர்களுக்கு வருவோம். கடைசி பக்கத்துல டேட்டா கிடைக்குமான்னு ஒரு வரி கட்டாயம் எழுதணும்னு இப்போ நிறைய ஜர்னல் கேக்குது. அதுல ரொம்ப பேரு எழுதற வரி: "தகுந்த காரணத்தோட கேட்டா தருவோம்". கேக்க மரியாதையா தான் இருக்கு. 2022ல ஒரு குழு இப்படி தரோம்னு எழுதுன 1,792 பேப்பரோட ஆசிரியருங்களுக்கு மெயில் போட்டு நிஜமாவே கேட்டுப் பாத்துச்சு. 1,670 பேரு, அதாவது 93 சதவீதம், ஒன்னு பதிலே இல்ல இல்லன்னா முடியாதுன்னாங்க. கைல குடுத்தவங்க 122 பேரு. கல்யாண வீட்டுல வாசல்ல நின்னு அவசியம் வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டு அட்ரஸ் குடுக்காத கதை தான்.

எல்லாரும் ஏமாத்தறாங்கன்னும் சொல்ல முடியாது. பாதி பேருக்கு டேட்டாவே காணாம போயிருக்கும். 2 வருஷத்துலேர்ந்து 22 வருஷம் வரைக்கும் பழசான 516 பேப்பர எடுத்து டேட்டாவ தேடிப் பாத்த வேற ஒரு ஆய்வுல, பேப்பர் வந்ததுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் டேட்டா உயிரோட இருக்கற வாய்ப்பு 17 சதவீதம் கொறஞ்சுக்கிட்டே போவுதுன்னு வந்துச்சு. மெயில் ஐடி செத்துருது, ஃபிளாப்பி செத்துருது, ஹார்ட் டிஸ்க் செத்துருது. 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் தரைத்தளத்துல கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்களுக்கு இத நான் விளக்க வேணாம். காலேஜ் மெயில் ஐடில இருக்கற கூகுள் டிரைவுல போட்டு வைக்கறதும் இதே கத தான், படிப்பு முடிஞ்சதும் பல இடத்துல ஐடிய மூடிருவாங்க, லிங்க் போயிரும்.

இனி கொஞ்சம் கிட்டப் போய் பாப்போம். எண்ணூர் கழிமுகத்துல ஒரு வருஷம் தண்ணி எடுத்த ஒரு ஸ்காலர்னு வச்சுக்குவோம், கற்பன ஆளு தான். அவங்க ஃபைல் பேரு "ஃபைனல் ஃபைனல் சார் கரெக்ஷன் 2". தொறந்தா முதல் வரில எஸ்1, எஸ்2, எஸ்3ன்னு ஆறு காலம் (மேலேர்ந்து கீழ போற நெட்டு வரிச), பக்கத்துல பிபி, சிடி. அடுத்த ஷீட்ல மஞ்ச கலர் அடிச்ச சில கட்டம். தேதி 03/04/23. சில இடத்துல 0, சில இடத்துல பிடிஎல், சில இடம் காலி. எழுதுனவங்களுக்கு எல்லாம் புரியும். இப்போ மணலிலேர்ந்து இன்னொரு ஸ்காலர் இத எடுத்தா? எஸ்3 முகத்துவாரமா அனல் மின்நிலையத்துக்கு சுடுதண்ணி விடற இடமா? மார்ச்சா ஏப்ரலா? பிபின்னா ஈயம், சிடின்னா காட்மியம்னு தெரியும், ஆனா மில்லிகிராமா மைக்ரோகிராமா? குடிதண்ணிக்கு இந்திய தரக்கட்டுப்பாட்டுல ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் தாண்டக் கூடாது, அதாவது 10 மைக்ரோகிராம். யூனிட் எழுதாம 8ன்னு ஒரு எண்ணு இருந்தா அது வரம்புக்குள்ளயா இல்ல 800 மடங்கு மேலயான்னு ஃபைல பாத்து சொல்ல முடியாது. மஞ்ச கலருக்கு என்னா அர்த்தம்னு எழுதுனவங்களுக்கே அடுத்த வருஷம் ஞாபகம் இருக்காது. அப்புறம் அந்த பூஜ்யம் நெஜமாவே பூஜ்யமா, இல்ல பிடிஎல்லா? கருவியால கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கம்மியா இருக்கறத தான் லேப்ல பிடிஎல்னு போடுவாங்க, அது ஈயமே இல்லன்னு அர்த்தம் இல்ல, காலி கட்டம்னா அன்னிக்கு மழ, படகு போவல. இந்த மூணையும் ஒன்னாக்கி சராசரி போட்டா வர்ற எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

இதுக்கு மருந்து பெரிய சாஃப்ட்வேர் எதுவும் இல்ல, ரீட்மீன்னு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலு. அந்த ஸ்காலரோடது இப்படி இருந்தா போதும்:

"மாசம் ஒரு தடவ, காலைல வத்தத்துல எடுத்தது. ஆறு இடம், ஒவ்வொன்னுக்கும் ஜிபிஎஸ் நாலு தசமம் வரைக்கும் இடங்கள்ங்கற ஷீட்ல இருக்கு. ஈயம், காட்மியம் ரெண்டும் லிட்டருக்கு மைக்ரோகிராம், வடிகட்டுன தண்ணில பாத்தது, சேறு சேராது. பிடிஎல்னா கருவியோட கீழ்வரம்புக்குக் கீழ, வரம்பு தனி காலத்துல. காலி கட்டம்னா அன்னிக்கு எடுக்கல. தேதி வருஷம்-மாசம்-நாள். 2023 டிசம்பர் வரிசை புயலுக்கு அப்புறம் கழிமுகத்துல எண்ணெய் மிதந்தப்போ எடுத்தது, வருஷ சராசரில சேக்கறதுக்கு முன்ன யோசிங்க."

கடைசி வரிய பாருங்க. அது எந்த டேபிள்லயும் ஏறாது, அன்னிக்கு படகுல இருந்தவங்களுக்கு மட்டும் தான் தெரியும், அத எழுதி வச்சதால தான் பத்து வருஷம் கழிச்சு வர்றவங்க அந்த ஒரு மாசத்த பாத்து ஏமாற மாட்டாங்க. டேட்டா பகிர்றதுல முக்கால்வாசி வேலை இந்த ஒரு பக்கம் எழுதறது தான்னு நான் சொல்வேன், அப்லோட் எல்லாம் பத்து நிமிஷம்.

ஃபைல எக்ஸெல்லோட சேத்து சிஎஸ்வியாவும் வைங்க, அது கமா போட்டு பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைலு, எந்த சாஃப்ட்வேர்லயும் தொறக்கும், கலரு கிலரு எதுவும் ஒளிஞ்சுக்க முடியாது. டேபிள பிடிஎஃப்பா போட்டு துணைக்கோப்புன்னு சேக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், அதுலேர்ந்து எண்ண எடுக்கறதுக்குள்ள கண்ணு போயிரும். எக்ஸெல்ல பத்தி இன்னொரு வேடிக்க, மரபணு பேரு மார்ச்1, செப்ட்2ன்னு இருக்கும்ல, எக்ஸெல் அத தேதியா மாத்திரும். எவ்ளோ பேப்பர்ல இந்த தப்பு ஏறிப்போச்சுன்னா, கடைசில 2020ல மரபணுக்கு பேரு வைக்கற குழுவே எக்ஸெல்லோட சண்ட போட முடியாதுன்னு பேர மாத்திருச்சு, மார்ச்1 இப்போ மார்ச்எஃப்1, செப்ட்2 இப்போ செப்டின்2.

எங்க போடறது? உங்க துறைக்குன்னே ஒரு கிடங்கு இருந்தா அங்க தான், மரபணு வரிசைன்னா ஜென்பேங்க், இல்ல ஃபரிதாபாத்ல 2022ல தொறந்த இந்திய உயிரியல் தரவு மையம். தனியா இல்லன்னா ஜெனோடோ இருக்கு, ஜெனீவா பக்கத்துல சேர்ன் ஆய்வகம் நடத்துது, 2013லேர்ந்து, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரைக்கும் தாங்கும். ஃபிக்ஷேர், டிரையாட், ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் எல்லாமும் இதே வேலைக்குத் தான். இங்க போட்டதும் டிஓஐன்னு ஒரு நிரந்தர எண் குடுப்பாங்க, வெப்சைட் முகவரி மாறுனாலும் அந்த எண் மாறாது, பேப்பர்ல அத போட்டுட்டா யாரு வேணா நேரா அங்க போயிரலாம். கூட ஆர்கிட் ஐடி ஒன்னு எடுத்துக்கங்க, ஒரே இனிஷியல் ஒரே பேருல நம்ம ஊர்ல எத்தன பேரு, அந்த 16 இலக்க எண்ணு தான் நீங்க யாருன்னு பிரிச்சுக் காட்டும்.

லைசென்ஸ்னு ஒரு இடம் வரும், அங்க தான் நெறைய பேரு முழிப்பாங்க. சிசி பைன்னா யாரு வேணா எடுத்துக்கலாம், உங்க பேர சொல்லணும். சிசி ஸீரோன்னா அந்தக் கட்டாயமும் இல்ல, ஆனா ஆராய்ச்சி உலகத்துல எடுத்தவங்க பேர சொல்றது வழக்கம், சொல்லலன்னா மானம் போவும். வியாபாரத்துக்கு கூடாதுன்னு ஒரு வகையும் இருக்கு, பாதுகாப்பா தெரியும், ஆனா நாளைக்கு ஒரு பத்திரிகைக்காரரோ ஒரு சின்ன கம்பெனியோ உங்க எண்ண வச்சு நம்ம ஏரியாவுக்கு நல்லது ஒன்னு செய்யலாம்னு வந்தா இது வியாபாரமா இல்லையான்னு பயந்து விட்டுருவாங்க. நான் சிசி பை தான் போடச் சொல்வேன். எதுவுமே போடாம விடறது தான் இருக்கறதுலயே மோசம், அப்போ எடுக்கலாமா கூடாதான்னு கேக்க மறுபடி உங்களுக்கு போன் பண்ணணும்.

2016லேர்ந்து ஃபேர்னு நாலு கொள்க சொல்றாங்க, தேடுனா கிடைக்கணும், எடுக்க வழி இருக்கணும், மத்த டேட்டாவோட சேத்து வச்சுப் பாக்க முடியணும், திருப்பிப் பயன்படுத்தற நெலமைல இருக்கணும். மீட்டிங்ல இத ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசுவாங்க. டிஓஐ, ரீட்மீ, சிஎஸ்வி, லைசென்ஸ் நாலும் வச்சாச்சுன்னா ஆரம்பிக்கறவங்களுக்கு அதுல பெரும்பகுதி முடிஞ்சுது.

இப்போ எத வெளிய வைக்கக் கூடாது. இது ரொம்ப முக்கியம், இங்க அவசரப்படக் கூடாது. தண்ணி எடுத்த இடத்துக்கு ஜிபிஎஸ் நாலு தசமம் வேணும்னு மேல சொன்னேன், அது கிட்டத்தட்ட 11 மீட்டர் வரைக்கும் துல்லியம். அதே நாலு தசமத்த வீட்டு சர்வேல வச்சா நீங்க ஒரு வீட்டு வாசல காட்டிக் குடுத்துட்டீங்க. பேர எடுத்துட்டா போதும்னு நெனைப்பாங்க. தாழங்குப்பத்துல ஒரு சர்வேன்னு வச்சுக்கங்க, ஒரு வரில "பெண், 47, கணவர் இல்ல, சொந்தமா ஃபைபர் படகு, மூணு பொண்ணு, கடன் இவ்ளோ, டிபி மருந்து சாப்புட்டு இருக்காங்க"ன்னு இருந்தா பேரு எதுக்கு? குப்பத்துல சின்னப் புள்ளைய கேட்டா கூட வீட்ட காட்டும். அமெரிக்கால லடான்யா ஸ்வீனி இத கணக்கா போட்டு காட்டுனாங்க, பின்கோடு மாதிரி ஒன்னு, பொறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த மூணே இருந்தா அந்த நாட்டுல 87 சதவீத மக்கள தனியா அடையாளம் கண்டுபிடிச்சுரலாம்னு. 1990கள்ல பேரில்லாம வெளியிட்ட ஆஸ்பத்திரி டேட்டாலேர்ந்து ஒரு மாநில கவர்னரோட மருத்துவக் குறிப்பையே வெளிய எடுத்துக் காட்டுனவங்க அவங்க.

அதனால வயச 45லேர்ந்து 49ன்னு ஒரு கட்டமாக்கணும், குப்பத்து பேருக்குப் பதிலா வார்டோ மண்டலமோ போடணும், அப்பவும் அடையாளம் தெரிஞ்சா ஷீட்ல அந்த நெட்டு வரிசையையே எடுத்துரணும். இன்னொன்னு, ஃபாரம் நிரப்பும்போதே கேட்டிருக்கணும், "அக்கா, உங்க பேரு இல்லாம இந்த பதில மத்த ஆராய்ச்சிக்காரங்களும் பாக்கற மாதிரி போடுவோம், சரியா?"ன்னு. கேக்கலன்னா போடற உரிமையும் இல்ல. நம்ம நாட்டுல 2023ல தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டமும் வந்துருச்சு, ஆராய்ச்சிக்கு சில விலக்கு இருக்கு, இருந்தாலும் சட்டத்த பாத்து செய்யறதுக்கு முன்ன அந்த அக்காவ பாத்து செய்ங்க. உடம்பு சம்பந்தப்பட்ட டேட்டாவ மொத்தமா திறக்காம, விண்ணப்பம் போட்டு குழு பாத்து குடுக்கற முறையும் உண்டு, 10,000 பேரோட மரபணுவ படிச்ச ஜீனோம் இந்தியா திட்டத்து டேட்டாவ அப்படித் தான் குடுக்கறாங்க. அங்கயும் இப்படி ஒரு டேட்டா இருக்கு, இன்ன விவரம் அதுல இருக்குங்கறது மட்டும் எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கணும்.

அடுத்தது பயம். "போட்டுட்டா வேற எவனாச்சும் எடுத்து எனக்கு முன்ன பேப்பர் போட்டுருவான்." நியாயமான பயம் தான், அதுவும் சின்ன காலேஜ்ல, ஃபண்டு இல்லாம, சொந்தக் காசுல படகு வாடக குடுத்து எடுத்தவங்களுக்கு. அதுக்கு எம்பார்கோன்னு ஒரு வசதி இருக்கு, இப்பவே ஏத்திட்டு, டிஓஐயும் வாங்கிட்டு, இன்ன தேதிக்கு மேல தான் தொறக்கணும்னு பூட்டி வச்சுரலாம். நீங்க முதல்ல எடுத்தீங்கங்கறதுக்கு தேதியோட ஆதாரம் ஆச்சு. டேட்டாவ மட்டும் விவரிச்சு தனிப் பேப்பர் போடற ஜர்னல்களும் இருக்கு, சயின்டிஃபிக் டேட்டா, டேட்டா இன் ப்ரீஃப் மாதிரி, முடிவு எதுவும் சொல்ல வேணாம், எப்படி எடுத்தேன்னு சொன்னா போதும், ஆனா அங்க கட்டணம் உண்டு, பாத்துக்கங்க.

"சார் ஒத்துக்க மாட்டாரு"ங்கறது ரெண்டாவது பயம், என் பார்வைல இது தான் பெரிய தடை. கைடு கிட்ட போய் கொள்க பேசாதீங்க, "சார், இந்த ஜர்னல் கேக்குது"ன்னு சொல்லுங்க, அது வேலை செய்யும். உண்மையும் அது தான், பிளாஸ் ஜர்னல்கள் 2014லேர்ந்தே டேட்டா எங்கன்னு சொல்லாம பேப்பர எடுக்கறது இல்ல, அமெரிக்க சுகாதார நிறுவனமான என்ஐஎச் 2023 ஜனவரிலேர்ந்து காசு கேக்கும்போதே டேட்டாவ எப்படி பகிர்வீங்கன்னு திட்டம் எழுதி வாங்குது. நம்ம நாட்டுல அரசு தரவுகளுக்கு 2012லயே ஒரு கொள்க வந்துச்சு, 2014ல அறிவியல் துறையும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் பேப்பருக்கு ஒன்னு போட்டாங்க. ஆனா காகிதத்துல இருக்கறதுக்கும் ஒரு ஸ்காலரோட வைவாங்கற வாய்மொழித் தேர்வுல யாராச்சும் டேட்டா எங்க வச்சிருக்கன்னு கேக்கறதுக்கும் நடுவுல இன்னும் தூரம் இருக்கு.

இது யாருக்கு உதவும்னு நம்ம ஏரியாலயே பாக்கலாம். மணலி, ராயபுரம், கொடுங்கையூர்ல காத்து அளக்கற கருவி வச்சிருக்காங்க, அந்த எண்ணு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரிய தளத்துல வருது, தேதி குடுத்து பிஎம்2.5ங்கற நுண்தூசி எவ்ளோன்னு யாரு வேணா எடுக்கலாம். பிளஸ் டூ படிக்கற புள்ள கூட தீபாவளி, போகி அன்னிக்கு எவ்ளோ ஏறுச்சுன்னு கிராஃப் போட முடியும். சில நாள் கட்டம் காலியா இருக்கும், ஏன் காலின்னு பக்கத்துல எழுதிருக்காது, அது எரிச்சல் தான். ஆனா எண்ணு இருக்கறதால அந்த எரிச்சலயாச்சும் பட முடியுது. கழிமுகத்து சேத்தையும் நண்டையும் பத்தி வந்த பேப்பர்களுக்கு அதுகூட முடியறது இல்ல, நாலு பேரு நாலு வருஷம் எடுத்தத ஒன்னா வச்சு ஈயம் ஏறுதா இறங்குதான்னு பாக்கணும்னா நாலு பேரையும் தேடிப் பிடிக்கணும்.

அடுத்த பேப்பர்ல "கேட்டா தருவோம்"க்கு பதிலா எழுத வேண்டிய வரி ரொம்ப சின்னது: "இந்தக் கட்டுரையின் தண்ணீர் தரவும் கணக்கீட்டு கோடும் ஜெனோடோவில் சிசி பை உரிமத்தில் உள்ளன", அப்புறம் டிஓஐ எண். வீட்டு சர்வே மாதிரி தர முடியாதது இருந்தா எத, ஏன் தரலன்னு ஒரு வரி, யாரு கிட்ட விண்ணப்பிக்கணும்னு ஒரு வரி, அதுல உங்க சொந்த மெயில் ஐடிய மட்டும் போடாம துறையோட ஐடியும் போடுங்க. ஒரு தடவ வெளியிட்டுட்டா அப்புறம் ஃபைல மாத்தணும்னா புது வெர்ஷனா தான் போடணும்ங்கறதால முதல் தடவ கொஞ்சம் கை நடுங்கும், அதுக்காகவே ஜெனோடோல சாண்ட்பாக்ஸ்னு பழகறதுக்கு ஒரு தனி தளம் வச்சிருக்காங்க, அங்க கிடைக்கற டிஓஐ டம்மி, போட்டது எப்ப வேணா அழிஞ்சுரும். முதல்ல அங்க ஏத்துங்க, லிங்க்க உங்க டிபார்ட்மென்ட்லயே வேற லேப்ல இருக்கற ஒருத்தருக்கு அனுப்பி, ரீட்மீய மட்டும் படிச்சுட்டு உங்க பேப்பரோட ரெண்டாவது டேபிள போட்டுக் காட்டச் சொல்லுங்க, அவங்க என்னா என்னா கேள்வி கேக்கறாங்களோ அதுக்கெல்லாம் பதில ரீட்மீல ஏத்திட்டு அப்புறம் நெஜ தளத்துக்குப் போங்க.